ஈரக் கழிவு

ஜூன் 5, வியாழன்

இதைப் படிப்பவர் யாராக இருந்தாலும் மன்னிக்க வேண்டும். என் எழுத்தில் ஒன்று பெரிதாக இருக்கும், அதற்குப் பக்கத்தில் இருப்பது சின்னதாக இருக்கும். சில எழுத்து கோட்டின் மேல் நிற்காமல் கீழே இறங்கிவிடும். ‘ழ’ எழுதும்போது பேனா தாளைக் கிழிக்கிறது. கைக்கு எழுபத்தொரு வயது. அது எழுதப் படித்து எட்டு மாதம்தான் ஆகிறது. இவ்வளவு எழுதுவதற்குள் காபி ஆறிப்போய்விட்டது.

என் பெயர் நாச்சிமுத்து. வெள்ளகோவிலில் ஒரு கொப்பரைக் களத்தில் நாற்பத்திரண்டு வருடம் எடை போட்டேன். எண்கள் அப்போதே தெரியும். எழுத்துதான் தெரியாது. போன ஐப்பசியில் எங்கள் தெருப் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்குச் சாயங்கால வகுப்பு ஆரம்பித்தார்கள். சுகந்தி டீச்சர் எடுக்கிறார். முதலில் வெட்கமாக இருந்தது. இப்போது பஸ் ஸ்டாண்டில் நின்று எல்லா போர்டையும் படிக்கிறேன். போக வேண்டிய பஸ் போய்விடுகிறது. பரவாயில்லை.

இந்த நோட்டு ஈரோட்டில் ஆஸ்பத்திரியில் கொடுத்தது. போன மாதம் திடீரென்று மூச்சு முட்டி ஒன்பது நாள் அங்கே கிடந்தேன். இதயம் பலவீனமாகிவிட்டதாம். திங்கட்கிழமை வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்போது டாக்டரம்மா நிறையச் சொன்னார். நான் நோட்டின் அட்டையில் இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தேன். ‘இதயம் காப்போம், தினமும் எடை பார்ப்போம்.’ முழுவதும் படித்துவிட்டேன். ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை.

நோட்டின் முன்பக்கத்தில் கட்டம் போட்டிருக்கிறது. தினமும் எடையை எழுத வேண்டும். மூன்று நாளுக்குள் இரண்டு கிலோ ஏறினால் போன் செய்ய வேண்டும். ஜெனிட்டா சிஸ்டர் சொன்னதை மட்டும் நன்றாகக் கேட்டுக்கொண்டேன்.

“காலைல எந்திரிச்சு, ஒண்ணுக்குப் போயிட்டு, ஒண்ணும் சாப்பிடாம, லேசான துணியோட ஏறி நிக்கணும் ஐயா. தினமும் அதே மாதிரி.”

எனக்கு உடனே விளங்கியது. களத்தில் கொப்பரையைச் சாக்கோடு எடை போடுவோம். சாக்குக்கு ஒரு கழிவு உண்டு. மழையில் நனைந்து வந்தால் ஈரத்துக்கு ஒரு கழிவு. இரண்டும் போக நிற்பதுதான் சரக்கின் எடை. சிஸ்டர் கேட்பதும் அதுதான்.

இன்று மெஷின் 58.6 காட்டியது. வேட்டிக்கும் பனியனுக்கும் அறுநூறு கிராம் கழித்து 58 என்று எழுதினேன்.

கட்டத்துக்குள் எண்ணைத் தவிர வேறு எழுத இடமில்லை. அதனால் நோட்டைத் திருப்பி, கடைசிப் பக்கத்திலிருந்து இதை எழுதுகிறேன்.

ஜூன் 6, வெள்ளி

58. கை வலிக்கிறது. சந்தோஷமாகத்தான் வலிக்கிறது.

ஜூன் 9, திங்கள்

காலையில் ஒன்றரை லிட்டர் பாட்டிலில் தண்ணீர் பிடித்து வைத்துவிடுகிறாள் என் மனைவி மாராத்தாள். நாள் முழுவதும் எனக்கு அவ்வளவுதான். காபி குடித்தால் பாட்டிலிலிருந்து ஒரு டம்ளர் எடுத்துச் செடிக்கு ஊற்றிவிடுகிறாள். மோர் குடித்தாலும் அப்படியே. அந்தக் கறிவேப்பிலைச் செடி இந்த ஒரு வாரத்தில் என்னைவிட நன்றாக இருக்கிறது.

உப்பும் இல்லை. குழம்பு வைக்கோல் போல இருக்கிறது என்று சொன்னேன்.

“வைக்கோல் தின்ன மாடு இத்தன பேச்சுப் பேசறதில்லீங் மாமா,” என்றாள்.

ஒன்று எழுத வேண்டும். அவளும் உப்பில்லாமல் அதையேதான் சாப்பிடுகிறாள். யாரும் அவளை அப்படிச் சாப்பிடச் சொல்லவில்லை. ஊறுகாய் ஜாடியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டாள். நான் பார்க்கவில்லை என்று நினைக்கிறாள்.

மெஷின் 58.9. எழுதியது 58.

ஜூன் 12, வியாழன்

இன்று ஜெனிட்டா சிஸ்டர் போன் செய்தார். ஏழு நாள் எடையையும் படிக்கச் சொன்னார். 58, 58, 58 என்று ஏழு முறை படித்தேன்.

“ஐயா, ஒரு வாரமா ஒரே எடையா? இப்படி ஒரு நோட்டை நான் பாத்ததே இல்லையே!”

“களத்துல எம்பட தராசு நெட்டக் கோடாட்ட நிக்குமுங்க,” என்றேன்.

போனை வைத்த பிறகும் சிரித்துக்கொண்டே இருந்தேன். மாராத்தாள் என்னவென்று கேட்டாள். சொன்னேன். “நோட்டுக்குப் பரிசு குடுக்கறாங்களா?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

ஆஸ்பத்திரியில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் ஒருவர் இருந்தார். மூலனூர்க்காரர். வருவது மூன்றாவது முறை என்றார். என்னோடு நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் அந்தக் கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டிருந்தார்கள்.

நான் அங்கே திரும்பிப் போக மாட்டேன். நோட்டில் ஒரே எடை நிற்கும் வரையில் அவர்கள் கூப்பிடப் போவதில்லை.

ஜூன் 16, திங்கள்

நேற்று காங்கேயத்தில் மாராத்தாளின் அண்ணன் பேத்திக்குக் கல்யாணம். காலை மாத்திரையில் சின்னதாக ஒரு வெள்ளை மாத்திரை உண்டு. போட்டால் அரை மணிக்கு ஒரு தரம் ஒண்ணுக்குப் போக வேண்டும். பஸ்ஸில் எங்கே போவது? சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். மண்டபத்தில் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அங்கே எல்லாரும் நலம் விசாரித்ததில் மறந்துவிட்டது. சாம்பார் சாதத்தில் உப்பு இருந்தது. இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன். அப்பளமும்.

மண்டப வாசலில் மணமக்கள் பெயர்களை நானே படித்தேன். சத்தமாகவே படித்தேன்.

இன்று மெஷின் 60.1. விருந்துச் சாப்பாடு, தண்ணீர், வேட்டி எல்லாம் கழித்து 58.

ஜூன் 18, புதன்

மெஷின் 60.8. வானம் மூடியே கிடக்கிறது. இந்த மாதிரி நாளில் எந்தச் சரக்கும் ஈரம் இழுக்கும். 58.

செருப்பு சின்னதாகிவிட்டது.

“செருப்பு எங்கீங்க சின்னதாச்சு? கால்தான் பெருசாயிருக்குது,” என்றாள் மாராத்தாள்.

“தோலுச் செருப்பு. வெயில்ல கெடந்தா சுருங்கும்.”

“வெயிலே இல்லீங்களே.”

அவளுக்கு எதிலும் ஒரு கேள்வி.

ஜூன் 20, வெள்ளி

வகுப்புக்குப் போகவில்லை. பள்ளிக்கூடத்துக்கு எட்டுப் படி. சுகந்தி டீச்சர் வீட்டுக்கே வந்து வீட்டுப்பாடம் கொடுத்தார். நல்ல பெண். வீட்டில் இருந்து எழுதினால் எழுத்து இன்னும் அழகாக வருகிறது.

ஒரு தலையணை பத்தவில்லை. இரண்டு வைத்தால் வசதியாக இருக்கிறது. பஞ்சு பழசாகிவிட்டது. மாராத்தாள் மூன்றாவதையும் பரணிலிருந்து எடுத்து உதறி வைத்தாள். நான் கேட்கவில்லை.

மெஷின் 61.5. எழுதியது 58.

ஜூன் 22, ஞாயிறு

62.2. கழிவு போக 58. இருமல். தூசி.

ஜூன் 24, செவ்வாய்

62.9. 58. உட்கார்ந்தால் எழுத முடிகிறது. படுத்தால்தான்

ஜூன் 28, சனி

மேலே அந்த வரியை முடிக்காமல் விட்டிருக்கிறேன். அப்படியே இருக்கட்டும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். காலை ஒன்பது மணி. இட்லி சாப்பிட்டேன். மூச்சு லேசாக வருகிறது. மூச்சு இவ்வளவு லேசாக வரும் என்பதே மறந்துபோயிருந்தது.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

புதன்கிழமை காலையில் எழுந்து நின்று வேட்டி கட்ட முடியவில்லை. உட்கார்ந்து கட்டினேன். மாராத்தாள் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வெளியே போனாள். பால் வாங்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் சுகந்தி டீச்சர் வீட்டுக்குப் போயிருக்கிறாள். அவளுக்கு எழுத்தும் தெரியாது, எண்ணும் தெரியாது. டீச்சரிடம் சொல்லி ஜெனிட்டா சிஸ்டருக்குப் போன் போடச் சொல்லியிருக்கிறாள். என்ன பேசினாள் என்று டீச்சர் பிறகு எனக்குச் சொன்னார்.

“சிஸ்டருங்களா? நோட்டு கெடக்குட்டுங்க. எங்கூட்டுல தலகாணி மூணாயிருச்சுங்க. நேத்து மூணும் பத்தாம செவுத்துல சாஞ்சு உக்காந்துட்டாருங்க.”

“இப்பவே கூட்டிட்டு வாங்கம்மா. ஒரு நிமிஷம்கூட யோசிக்காதீங்க.”

ஆம்புலன்ஸ் வந்தது. பதினோரு மணிக்கெல்லாம் இங்கே சேர்த்துவிட்டார்கள். மூக்கில் குழாய், கையில் ஊசி. ஒண்ணுக்கு, ஒண்ணுக்கு, ஒண்ணுக்கு. இரண்டு நாளில் எத்தனை லிட்டர் என்று கேட்டால் சிஸ்டர் சிரிக்கிறார்.

நேற்று மத்தியானம் ஜெனிட்டா சிஸ்டர் என் நோட்டோடு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். மாராத்தாள் கட்டிலின் கால்மாட்டில் இருந்தாள்.

“ஐயா, செவ்வாய்க்கிழமை உங்க நோட்டுல 58. புதன்கிழமை எங்க மெஷின்ல 63.4. ரெண்டுல எது பொய் சொல்லுது?”

“ரெண்டும் பொய்யில்லீங்க. நான் ஈரத்தக் கழிச்சுப் போட்டனுங்க.”

“எதைக் கழிச்சீங்க?”

களத்து வழக்கத்தைச் சொன்னேன். சாக்குக் கழிவு, ஈரக் கழிவு, எல்லாம். அவர் சிரிக்க ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திவிட்டார். என் கால்மேல் இருந்த போர்வையை விலக்கி, முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். ஐந்து எண்ணும் நேரம் அழுத்தியிருப்பார். பிறகு விரலை எடுத்தார்.

குழி அப்படியே நின்றது.

எனக்கு யாரும் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நாற்பத்திரண்டு வருடம் நானே அப்படித்தான் கொப்பரையை அழுத்திப் பார்த்திருக்கிறேன். காய்ந்த கொப்பரையில் விரல் பதியாது. தடம் விழுந்தால் சாக்கைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

“ஈரமுங்க,” என்றேன்.

“ஈரம்தான். உங்க இதயத்தால தள்ள முடியாத தண்ணி கால்லயும் நெஞ்சுலயும் தேங்குது. அதுதான் மூச்சு முட்டுது. அந்த ஈரம் எவ்வளவுன்னு தெரிஞ்சுக்கத்தான் தினமும் எடை கேட்டோம் ஐயா. நீங்க அதை மட்டும் சரியா எடுத்துப் போட்டுட்டு மீதியை எழுதியிருக்கீங்க.”

யாரும் என்னிடம் இதைச் சொல்லவில்லை என்று எழுத மாட்டேன். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா சொன்னார். நான் அட்டையைப் படித்துக்கொண்டிருந்தேன். படுத்தால் எத்தனை தலையணை தேவைப்படுகிறது என்று கவனிக்க வேண்டும் என்றும் சொன்னாராம். அதை மாராத்தாள் மட்டும் கேட்டிருக்கிறாள்.

தலையைக் குனிந்துகொண்டேன். அப்போது சிஸ்டர் நோட்டைப் புரட்டிக்கொண்டே போய் இந்தப் பின்பக்கத்துக்கு வந்துவிட்டார். பிடுங்கலாம் என்றால் கையில் ஊசி. அவர் படிக்க ஆரம்பித்தார். ‘இதைப் படிப்பவர் யாராக இருந்தாலும்’ என்பதிலிருந்து ஆரம்பித்தார்.

நான் எழுதியதை ஒருவர் படிப்பதை இதற்கு முன் நான் பார்த்ததில்லை. டீச்சர் பார்ப்பார், சரி போடுவார். இது வேறு. சிஸ்டரின் கண் ஒவ்வொரு வரியாக ஓடுகிறது. என் எழுத்தில் எங்கேயும் முட்டிக்கொண்டு நிற்கவில்லை. எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. அது நோயால் இல்லை.

“ஐயா! இங்க மெஷின் காட்டினது எல்லாம் இருக்கே! 60.1, 60.8, 61.5... டாக்டர், இதைப் பாருங்களேன்!”

டாக்டரம்மா வந்து நின்றபடியே படித்தார். கல்யாணத்துக்குப் போன பக்கத்தில் விரலை வைத்தார். “இங்கதான் ஆரம்பிச்சிருக்கு. மாத்திரையை விட்ட அன்னிக்கு. தாத்தா, முன்பக்கத்தைக் கிழிச்சுப் போட்டாலும் பின்பக்கத்தைப் பத்திரமா வைங்க.”

“எம்பட பேரு அதுல வருதுங்களா சிஸ்டர்?” என்று மாராத்தாள் கேட்டாள்.

“நிறைய வருதும்மா.”

“என்ன எழுதியிருக்குதுன்னு படீங்க. வைக்கோலுன்னு எழுதியிருக்குமே.”

சிஸ்டர் ஒன்பதாம் தேதியைப் படித்தார். வைக்கோலும் வந்தது, மாடும் வந்தது. வார்டே சிரித்தது. பிறகு ஊறுகாய் ஜாடியும் வந்தது. நான் ஜன்னலைப் பார்த்தேன். மாராத்தாள் கழுவியிருந்த டம்ளரை எடுத்துக்கொண்டு மறுபடியும் கழுவப் போனாள்.

ஜூன் 30, திங்கள்

எழுந்து நடக்கச் சொல்லிவிட்டார்கள். நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போனேன். எட்டுக் கட்டில். ஐந்து பேர் என்னைப் போலத் திரும்பி வந்தவர்கள். எதனால் வந்தீர்கள் என்று கேட்டேன்.

சிவகிரிப் பெரியவர், “நல்லாயிருச்சுன்னு மாத்திரைய நிறுத்திப் போட்டேன்,” என்றார். நன்றாக இருந்ததே அந்த மாத்திரையால்தான் என்று டாக்டரம்மா அவரிடம் சொல்லியிருக்கிறார். ஆட்டு வியாபாரி ஒருவர் வெள்ளை மாத்திரையைச் சந்தை நாளில் மட்டும் போட மாட்டாராம். அவர் வாரத்தில் நான்கு சந்தைக்குப் போகிறவர். எனக்கு அவரைப் பார்த்ததும் பஸ் ஞாபகம் வந்தது. முட்டி வலிக்குக் கடையில் கேட்டு மாத்திரை வாங்கிப் போட்டவர் இன்னொருவர். அது தண்ணீரைத் தேக்கிவிட்டது என்கிறார்கள். கடைசிக் கட்டிலில் இருப்பவருக்கு முப்பத்தாறு வயதுதான். தறி ஓட்டுகிறார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. காய்ச்சல் வந்து இதயத்தைப் பிடித்துக்கொண்டதாம். அவரிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் அவர் பெயரை எழுதிக் காட்டினேன். கதிர்வேல். “சுத்தமா எழுதறீங்களே,” என்றார். பொய்தான்.

மூலனூர்க்காரரைப் பற்றி ஜெனிட்டா சிஸ்டரிடம் கேட்டுவிட்டேன். கேட்காமல் வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை.

“அவரா? அவரை அன்னிக்குக் காலைல வேற வார்டுக்கு மாத்தினோம் ஐயா. இப்ப வீட்டுல இருக்கார். வாரா வாரம் எடை சொல்றார். உங்களை மாதிரி ஒரே எடையா சொல்ல மாட்டார்.”

கட்டிலில் வந்து உட்கார்ந்தேன். ஒரு புது விரிப்பைப் பார்த்து ஒரு மாதமாக என்னென்ன நினைத்துவிட்டேன்.

ஜூலை 2, புதன்

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர்கள் மெஷினில் 58.2. இந்த முறை டாக்டரம்மா பேசியபோது நோட்டை மாராத்தாளின் பையில் போட்டுவிட்டு, அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இந்த நோய் போயிருச்சுன்னு ஒரு நாள் வராது தாத்தா. ஆனா வாலாட்டாம வெச்சுக்கலாம். நாலு மாத்திரை. ஒண்ணு தண்ணியை எடுக்கும். மத்த மூணும் இதயத்தைத் தாங்கும். சின்ன அளவுல ஆரம்பிச்சிருக்கோம். ரெண்டு வாரத்துக்கு ஒரு தரம் பாத்துப் பாத்து ஏத்துவோம்.”

“எத்தன நாளைக்குங்க?”

“உங்களுக்கு எத்தன நாளைக்கு மூச்சு விடணும்?”

“அது நெறைய நாளைக்கு வேணுமுங்க. இன்னும் மூணாம் பாட புத்தகம் ஆரம்பிக்கலீங்க.”

பஸ்ஸில் போகிற நாள் வெள்ளை மாத்திரையை என்ன செய்வது என்றும் கேட்டேன். வெட்கப்படாமல் கேட்டேன். விட்டுவிடக் கூடாது, போய்ச் சேர்ந்த பிறகு மத்தியானம் போட்டுக்கொள்ளலாம் என்றார். இதைக் கேட்க எனக்கு ஒரு நிமிடம்தான் ஆனது. ஆட்டு வியாபாரியும் பக்கத்தில் வந்து நின்று கேட்டுக்கொண்டார்.

ஜூலை 3, வியாழன்

மெஷின் 58.3. எழுதியதும் 58.3. வேட்டியோடு, பனியனோடு, எல்லாவற்றோடும்.

எழுதும்போது கை கூசியது. சாக்கோடு எடை எழுதிய ஆளைக் களத்தில் யாரும் மதிக்க மாட்டார்கள்.

மாராத்தாள் மெஷின் பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறாள். எண் தெரியாதவள் என்ன பார்க்கிறாள் என்று கேட்டேன்.

“எண்ண நான் பாக்கலீங் மாமா. உங்க மூஞ்சியப் பாக்கறேன். கழிக்கறப்ப உங்களுக்கு உதடு அசையும்.”

ஜூலை 6, ஞாயிறு

58.1. எட்டுப் படியையும் ஏறிப் பார்த்துவிட்டு வந்தேன். பள்ளிக்கூடம் பூட்டியிருந்தது. பூட்டைப் பார்த்துவிட்டு மெதுவாக இறங்கினேன். நல்ல காற்று.

ஜூலை 10, வியாழன்

57.9. செருப்பு பெரிதாகிவிட்டது.

முன்பக்கக் கட்டத்தின் ஓரத்தில் கோடு இழுத்து இன்னொரு கட்டம் சேர்த்திருக்கிறேன். அதன் தலைப்பில் ‘தலையணை’ என்று எழுதினேன். அதில் நான் எழுதுவதில்லை. தினமும் காலையில் மாராத்தாள் பேனாவை வாங்கி, எத்தனை தலையணையோ அத்தனை கோடு போடுகிறாள். முதல் நாள் பேனாவை உளியைப் போலப் பிடித்தாள். இரண்டு கோடு. ஒன்று நெட்டையாக, ஒன்று சாய்ந்து. என் எழுத்துக்கு அது எவ்வளவோ மேல். நேற்று போனில் எடையைச் சொல்லிவிட்டு அந்தக் கோட்டையும் சொன்னேன். மற்றவர்கள் நோட்டிலும் இப்படி ஒரு கட்டம் போடச் சொல்லப் போவதாக ஜெனிட்டா சிஸ்டர் சொன்னார். அதை மாராத்தாளிடம் சொன்னேன்.

“நோட்டுக்குப் பரிசு குடுக்கறாங்களா?” என்று கேட்டாள். இந்த முறை போய்விடவில்லை. நின்றாள்.

இன்று காலை ஒரே ஒரு கோடு போட்டாள். போட்டுவிட்டு, மீதித் தலையணை இரண்டையும் பரணில் ஏற்றச் சொன்னாள். நான் ஸ்டூலில் ஏறக் கூடாது என்று பிறகு அவளே ஏறினாள். கீழே நின்று ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன்.

முன்னிருந்தும் பின்னிருந்தும் எழுதியதில் நோட்டு நடுவில் முட்டிவிட்டது. இன்னும் ஒரு தாள்தான் இருக்கிறது. அதை எடைக்கு வைத்துக்கொள்கிறேன். வரும் வியாழன் ஈரோட்டுக்குப் போக வேண்டும். ஒரு மாத்திரையை ஏற்றுகிறார்கள், புது நோட்டும் தருகிறார்கள். திரும்பி வந்து வெள்ளை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, டாக்டரம்மா சொன்னதை அதன் கடைசிப் பக்கத்தில் எழுதுகிறேன். ஒன்றையும் கழிக்காமல் எழுதுகிறேன்.